கணினியா, அதில் செருகிய கருவியா?

இணைய வங்கிச் சேவையில் பணம் அனுப்பிக்கொண்டிருந்தபோது திரை அப்படியே நின்றுவிட்டது, வங்கியின் இணையதளம் சரியில்லை என்னும் புகார் கிளைகளுக்கு அடிக்கடி வருகிறது. சில வேளைகளில் குறை எங்கள் பக்கத்தில்தான் இருக்கும், அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இணையதளம் தாமதிப்பது வேறு, கணினியே நின்றுபோவது வேறு. மவுஸின் அம்புக்குறி நகர்கிறதா, திரையின் மூலையிலுள்ள கடிகாரம் ஓடுகிறதா, விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையை அழுத்தினால் அதன் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். இவை இயங்கினால் தாமதம் இணையத்திலோ இணையதளத்திலோ இருக்கலாம். மூன்றும் அசையாவிட்டால், கோளாறு உங்கள் மேசையின் மீதே இருக்கிறது. அப்போது பலர் கணினியையே குறை கூறுவர். அதில் செருகியிருக்கும் பிரிண்டர், வெளிப்புற ஹார்டு டிஸ்க், கைரேகைக் கருவி, யு.எஸ்.பி. ஹப் ஆகியவற்றின் மீது எவருக்கும் ஐயம் எழுவதில்லை.

கருவியைத் தேடுமுன் பணத்தைக் கவனிக்க வேண்டும். ஓ.டி.பி. எண்ணை உள்ளிடுவதற்கு முன்பே கணினி நின்றிருந்தால், பொதுவாக அந்தப் பரிவர்த்தனை நிறைவேறியிருக்காது. உள்ளிட்ட பிறகு நின்றிருந்தால் நிறைவேறியிருக்கக்கூடும். திரையில் உறுதிச் செய்தி வராததால் பணம் போகவில்லை என்று முடிவு செய்வது தவறு. உடனே மறுமுறை அனுப்பிவிட்டு இருமுறை பணம் இழப்பவர்கள் உண்டு. கைப்பேசியில் குறுஞ்செய்தியையும் கணக்கு அறிக்கையையும் பார்த்த பின்னரே அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும். ஐ.எம்.பி.எஸ். அல்லது யு.பி.ஐ. வழியாக ஒருவருக்கு அனுப்பிய தொகை, உங்கள் கணக்கில் பற்று வைக்கப்பட்டும் பெறுநருக்கு வரவு வைக்கப்படாமல் போனால், மறுநாளுக்குள் அது தானாகவே திருப்பி வைக்கப்பட வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இது ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையின் விதி. யு.பி.ஐ. வழியாக வணிகருக்குச் செலுத்திய தொகைக்கு இக்கெடு ஐந்து நாட்கள்.

இனிக் கோளாறுக்கு வருவோம். ஒரு சிறு கருவி முழுக் கணினியையும் எப்படி நிறுத்த முடியும் என்று வியப்பதற்கு இடமில்லை. 1998 ஏப்ரலில் சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில், வெளிவரவிருந்த விண்டோஸ் 98 மேடையில் செய்து காட்டப்பட்டது. பில் கேட்ஸ் அருகில் நிற்க, அவருடைய சக ஊழியர் யு.எஸ்.பி. துளையில் ஒரு ஸ்கேனரைச் செருகினார். அடுத்த நொடி, அரங்கம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெருந்திரை நீலமாகி நின்றுபோனது. தயாரித்தவருக்கே நேர்ந்த ஒன்று நமக்கு நேர்வதில் வெட்கப்பட ஏதுமில்லை.

காரணத்தை வங்கிக் கிளையைக் கொண்டே விளக்கலாம். சாதாரண மென்பொருள், கவுன்டருக்கு வெளியே நிற்கும் வாடிக்கையாளரைப் போன்றது. அது மயங்கி விழுந்தாலும் கிளை இயங்கும். ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் உரிய டிரைவர் மென்பொருள்களில் பல, பெட்டக அறை வரை செல்லும் அனுமதி பெற்றவை. கருவி பதிலளிக்காமல் போகும்போது அத்தகைய டிரைவர் அங்கேயே காத்து நின்றால், பின்னால் வரிசையில் நிற்கும் அனைத்தும் நின்றுவிடும்.

மற்றொரு காரணம் மின்சாரம். யு.எஸ்.பி. 2.0 துளை ஒரு கருவிக்குத் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், 3.0 துளைக்கு 900. தனி மின் இணைப்பு இல்லாத மலிவான ஹப் ஒன்றில் நான்கு கருவிகளைச் செருகினால், ஒரு துளைக்குரிய மின்சாரத்தையே நான்கும் பங்கிட்டுக்கொள்ளும். அவற்றுள் ஒன்று சுழலும் ஹார்டு டிஸ்காக இருந்துவிட்டால் போதாமை உறுதி. அது கிளம்பும், நிற்கும், மீண்டும் கிளம்பும். கணினியும் அதனோடு தடுமாறும். ஹப் வாங்குவதில் மிச்சம் பிடிக்கும் நூறு, இருநூறு ரூபாய் உண்மையான சேமிப்பு அன்று என்பது என் கருத்து.

குற்றவாளியைக் கண்டுபிடிப்பதற்கு வணிகவியல் படித்தவர்களுக்குப் பழக்கமான வழி ஒன்று உண்டு. இருப்பாய்வு சமன்படாதபோது எல்லாப் பதிவுகளையும் ஒரே நேரத்தில் புரட்டுவதில்லை. பாதியை ஒதுக்கிவிட்டு மறுபாதியைச் சரிபார்ப்போம். (வேறுபாடு 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்பது கூடுதல் துப்பு. கணினிக்கு அத்தகைய மந்திர எண் ஏதுமில்லை.) முதலில் கணினியை முறைப்படி நிறுத்துங்கள். அசையவே இல்லையெனில், ஹார்டு டிஸ்கின் விளக்கு மினுக்குவது ஓயும்வரை சில நிமிடங்கள் பொறுத்து, மின் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். பின்னர் விசைப்பலகை, மவுஸ் தவிர அனைத்தையும் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். அன்றாட வேலை நேரம் முழுவதும் நன்றாக இயங்கினால், கழற்றியவற்றில் பாதியை மட்டும் இணையுங்கள். மீண்டும் நின்றால் குற்றவாளி அந்தப் பாதியில், நிற்காவிட்டால் மறுபாதியில். எட்டுக் கருவிகள் இருந்தாலும் மூன்று சுற்றுகளில் ஒன்றே மிஞ்சும். அதையும் வேறு கேபிளில், வேறு துளையில், இயலுமானால் வேறு கணினியில் செருகிப் பார்த்த பிறகே தீர்ப்பு எழுத வேண்டும். பல நேரங்களில் கருவி நிரபராதி, கேபிள்தான் கெட்டிருக்கும்.

தொடங்கும்போதே நிறுவனத்தின் சின்னம் தெரிந்து, அதற்கு மேல் நகராத கணினிகள் உண்டு. மறந்துபோய்ச் செருகியிருந்த பென் டிரைவிலிருந்து விண்டோஸைத் தொடங்க முயன்று அவை நிற்கலாம். கழற்றினால் தீர்ந்தது.

விண்டோஸிலேயே ஒரு பாஸ்புக் இருப்பது பலருக்குத் தெரியாது. தேடுபெட்டியில் ரிலையபிலிட்டி என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால், எந்த நாளில் என்ன பழுது நேர்ந்தது என்ற நாள்வாரியான படம் திறக்கும். சிவப்புக் குறிகள் தொடங்கிய நாளும் புதிய கருவி வீட்டுக்கு வந்த நாளும் ஒத்துப்போனால் விசாரணை பாதி முடிந்தது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் நிற முக்கோணக் குறியுடன் தெரியும் கருவியின் டிரைவரை நீக்கி, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் புதிதாகப் பெற்று நிறுவலாம். இலவச டிரைவர் என்று அழைக்கும் பிற தளங்களை நாட வேண்டாம்.

நம் நாட்டில் இரு கருவிகள் தனிக் கவனத்துக்குரியவை. ஒன்று, வருமான வரி மற்றும் ஜி.எஸ்.டி. படிவங்களில் நிறுவனங்கள் பயன்படுத்தும் மின்னணுக் கையொப்ப டோக்கன். கெடு நாளன்று அது கணினியை நிறுத்திவிட்டால் பதற்றம் இயல்பே. பதற்றத்தில் எவரேனும் டோக்கனின் மென்பொருளில் உள்ள இனிஷியலைஸ் பொத்தானை அழுத்திவிட்டால் உள்ளிருக்கும் சான்றிதழ் அழிந்துவிடும். அடையாளச் சரிபார்ப்பு முதல் மீண்டும் தொடங்கிப் புதியது பெற வேண்டும். டிரைவரை எத்தனை முறையும் நீக்கலாம், நிறுவலாம். டோக்கனின் உள்ளடக்கத்தில் மட்டும் கை வைக்கலாகாது. தவறான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப உள்ளிட்டாலும் அது பூட்டிக்கொள்ளும். மற்றொன்று, ஓய்வூதியர்கள் நவம்பரில் உயிர்வாழ்ச் சான்று அளிக்கப் பயன்படும் கைரேகைக் கருவி. 2014-இல் தொடங்கிய ஜீவன் பிரமாண் திட்டத்தில் 2021 முதல் கைப்பேசிவழி முக அடையாளமும் ஏற்கப்படுகிறது. எனவே கருவி ஒத்துழைக்கவில்லை என்பதற்காக முதியவர்கள் ஓய்வூதியம் நின்றுவிடுமோ என அஞ்ச வேண்டியதில்லை. கைப்பேசியும் இல்லாதவர் கிளைக்கு நேரில் வரலாம்.

கணினி நின்றுபோன வேளையில் காத்திருக்கும் இன்னொரு கூட்டமும் உண்டு. பிரிண்டர் நிறுவனத்தின் உதவி எண்ணை இணையத்தில் தேடினால், போலி எண்களும் முன்வரிசையில் வரலாம். எதிர்முனையில் பேசுபவர் தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலியை நிறுவச் சொன்னாலோ, பத்து ரூபாய் கட்டணம் செலுத்துமாறு இணைய வங்கிப் பக்கத்தைத் திறக்கச் சொன்னாலோ இணைப்பைத் துண்டியுங்கள். பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் உடனே தெரிவியுங்கள். வங்கியின் தவறும் உங்கள் தவறும் இல்லாத மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களைச் சாராது என்பது 2017-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி விதி. ஆனால் ஓ.டி.பி. எண்ணை நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை நேர்ந்த இழப்பு உங்களுடையதே.

விசாரணையின் முடிவில் சிக்கியது பழைய ஹார்டு டிஸ்க் என்றால், அது டிக் டிக் என்று ஒலிக்கத் தொடங்கும் முன்பே தேவையானவற்றைப் படியெடுத்துவிடுங்கள். அதை எடைக்குப் போடும் முன் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். அதில் உங்கள் கணக்கு அறிக்கைகள், பான் அட்டை நகல், பத்திர நகல்கள் எல்லாம் இருக்கலாம்; டெலீட் செய்தவற்றையும் திரும்ப எடுக்க முடியும். மூடியைக் கழற்றி உள்ளிருக்கும் வட்டத் தகட்டை உடைத்த பிறகே அது வீட்டை விட்டு வெளியேறட்டும்.