ஒரு பருத்திக்குப் பெயர் கிடைத்தது

திருப்பூரில் பனியனாகும் பருத்தி நூலில் பெரும்பகுதி 'காசிப்பியம் ஹிர்சூட்டம்' என்ற ஒரே இனத்திலிருந்து கிடைப்பது. உலகப் பருத்தி விளைச்சலில் ஏறத்தாழ 90 சதவீதம் இதுவே. இதற்குக் காட்டில் வளரும் உறவினங்களும் உண்டு. அவற்றுள் ஒன்று, 2017-ஆம் ஆண்டில்தான் தனி இனம் என்று அறிவிக்கப்பட்டது.

பசிபிக் பெருங்கடலில் வேக் என்னும் பவளத் தீவு இருக்கிறது. அங்கு வளரும் பருத்தியை ஹிர்சூட்டத்தின் ஒரு வகை என்றே கருதி வந்தனர். ஆனால், கரீபியப் பருத்தியையோ மற்றப் பசிபிக் பருத்திகளையோ அது அவ்வளவாக ஒத்திருக்கவில்லை என்று எஸ்.ஜி. ஸ்டீபன்ஸ் என்ற அறிஞர் சுட்டிக் காட்டினார்.

ஐயத்தை எப்படித் தீர்ப்பது? முதலில் இலை, பூ, காய், விதைப் பஞ்சு ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். ஆனால் தோற்றம் ஏமாற்றலாம். ஒரே செடியின் விதைகள் கரிசலில் ஒரு விதமாகவும், உப்பு மணலில் வேறு விதமாகவும் வளரும். ஆகவே உயிரணுவிலுள்ள டி.என்.ஏ.யையும் பார்க்கிறார்கள். அதில் நான்கு வகை மூலக்கூறுகள் எழுத்துகளைப் போல வரிசையாக அமைந்துள்ளன. இரு செடியினங்கள் பிரிந்து காலம் செல்லச் செல்ல, அந்த வரிசையில் வேறுபாடுகள் பெருகும். வேக் பருத்தியில் தோற்றமும் டி.என்.ஏ.யும் ஒரே விடையைத் தந்தன: இது தனி இனம்!

பெயரிடவும் விதி உண்டு. உலர்த்திய மாதிரிச் செடி ஒன்றைப் பாதுகாத்து வைத்து, அதன் வருணனையை வெளியிட வேண்டும். இத்தகைய மாதிரிகள் கோயம்புத்தூரிலுள்ள சென்னை ஹெர்பேரியத்திலும் உள்ளன. வேக் பருத்திக்கு, ஸ்டீபன்ஸின் நினைவாக 'காசிப்பியம் ஸ்டீபன்சீ' என்று பெயரிட்டார்கள்.

பெயரால் என்ன பயன் என்கிறீர்களா? பயிருக்குப் புதிய நோய் வந்தால், எதிர்ப்பாற்றலைக் காட்டு உறவினங்களில் தேடுவதே வழக்கம். வேக் தீவோ கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அங்குள்ள செடி தனி இனம் என்று தெரிந்தால்தானே, அழியாமல் காக்க முடியும்?