எண்ணெய் பிடிகலம்
(சிறு செலவில் ஆக்கும் முறையும் அதன் பயனும்)

உண்ட உணவு முழுதும் உடலிற் சேர்வதில்லை. எரித்த எரிபொருள் முழுதும் ஆற்றலாக மாறுவதுமில்லை. கழிவு செல்லும் வழி செவ்வையாக இருக்கும் வரையில் உடலும் நலம்பெறும், யந்திரமும் நலம்பெறும். வழி அடைபடின் இரண்டும் நோயுறும். மோட்டார் வண்டிக்குப் புகைக்குழாய் ஒன்றே கழிவு வழி என நம்மிற் பலர் எண்ணுகின்றனர். கண்ணிற்குப் புலனாகாத மற்றொரு வழியும் அதற்கு உண்டு. அவ்வழியே செல்லும் எண்ணெய்ப் பசையைத் தடுத்து நிறுத்துவதற்கு ஒரு சிறு கலம் உளது. ஆங்கிலத்தார் அதனை ‘ஆயில் கேட்ச் கேன்’ என்பர். நாம் ‘எண்ணெய் பிடிகலம்’ என்போம். அதன் தன்மையையும், பொருட்செலவு மிகாமல் அதனை ஆக்கிக்கொள்ளும் முறையையும் இங்கே சுருங்கக் கூறுவாம்.

இதனைக் கூறப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. கூனிமேடு எனும் எங்கள் ஊர் மரக்காணத்திற்குத் தெற்கே கடலை அடுத்துள்ளது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் ‘கனிமேர்’ என்று பெயரிட்டுப் பண்டகசாலை வைத்திருந்த ஊர் இதுவே. இக்காலத்திற் கிழக்குக் கடற்கரைச் சாலை இவ்வழியே செல்கிறது. உப்பும் மீனும் போலவே வாடகை வண்டியும் இக்கரையிற் பலர்க்குப் பிழைப்பாயிற்று. பிறர் ஓட்டிக் கழித்த பழைய வண்டியை வாங்கி, அதனைக்கொண்டு குடும்பத்தைத் தாங்குவார்க்கு யந்திரம் பழுதுறுதல் உழவனுக்கு விளைச்சல் பொய்த்தலை ஒக்கும். அன்னார்க்குப் பயன்படுமாயின் இச்சிறு பொருளும் ஆராயத் தக்கதேயன்றோ?

யந்திரத்தின் மூச்சு

பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து சிலிண்டரினுள் எரியுங்கால் பிஸ்டன் கீழ்நோக்கித் தள்ளப்படுகிறது. பிஸ்டனைச் சூழ்ந்த வளையங்கள் சிலிண்டரின் சுவரோடு நெருங்கிப் பொருந்தியிருப்பினும், வாயுவிற் சிறு பகுதி அவற்றின் இடுக்குகளின் வழியே நழுவிக் கீழுள்ள கிராங்க் அறையை அடைகிறது. புதிய யந்திரத்திலும் இது நிகழும். வளையம் தேயத் தேய மிகும்.

இவ்வாறு நழுவும் வாயுவில் எரிந்தொழிந்த புகையும், எரியாத பெட்ரோலின் ஆவியும், நீராவியும் உள்ளன. நீர் எங்கிருந்து வந்தது என்று வியப்பார் உளராயின், 1 லிட்டர் பெட்ரோல் எரியின் ஏறக்குறைய 1 லிட்டர் நீர் உண்டாகிறது என்பதை அறிக. அதன் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே நீங்கிவிடும். எஞ்சிய சிறு பகுதி கிராங்க் அறையிற் புகுகிறது. அங்கே சுழலும் தண்டினால் தெறித்துச் சிதறும் எண்ணெய் பனித்துளி போல் நுண்ணிதாகி அவ்வாயுவோடு கலக்கிறது. இக்கலவையை வெளியேற்றாவிடின் அறையினுள் அழுத்தம் மிகுந்து, ஆயில் சீல்கள் பிதுங்கி, எண்ணெய் கசியத் தொடங்கும். ஆகலின் யந்திரத்திற்கு மூச்சுவிடும் வழி இன்றியமையாதது.

பழைய வழியும் புதிய வழியும்

முற்காலத்து வண்டிகளில் இவ்வாயு ஒரு சிறு குழாய் வழியே சாலையை நோக்கித் திறந்து விடப்பட்டது. 1950ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரை மூடிய புகைமூட்டத்தை ஆராய்ந்த ஹாகன் ஸ்மிட் என்னும் அறிஞர், வண்டிகள் முதலியவற்றினின்று எழும் எரிபொருள் ஆவியும் நைட்ரஜன் வாயுக்களும் வெயிலிற் கூடி அம்மூட்டத்தை விளைவிக்கின்றன என்று காட்டினார். வண்டியினின்று வெளிப்படும் எரிபொருள் ஆவியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கிராங்க் அறையினின்று வருவது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1961ஆம் ஆண்டு முதற் கலிபோர்னியாவில் விற்கப்பட்ட புதிய வண்டிகளில் இவ்வாயுவை வெளியே விடாது, மீண்டும் காற்றோடு சேர்த்து யந்திரத்திற்குள்ளேயே இழுத்து எரிக்கும் ஏற்பாடு வந்தது. ஒருவழி வால்வு ஒன்று அதனை ஒழுங்குபடுத்துகிறது, பி.சி.வி. வால்வு என்பது அதன் பெயர். இந்நாளைய பெட்ரோல் வண்டிகள் யாவும் இம்முறையையே கொண்டவை.

இம்முறையால் ஊர்க் காற்று தூய்மை பெற்றது. ஆயினும் யந்திரத்தின் காற்றுவழி அழுக்குற்றது. வாயுவோடு வரும் எண்ணெய் த்ராட்டிலிலும் வால்வுகளிலும் படிந்து கரியாக இறுகுகிறது. மிகுதியாகச் சிலிண்டரிற் புகின், பெட்ரோல் உரிய நேரத்திற்கு முன்னரே வெடித்துத் தட்டொலி எழும். பெட்ரோலைக் காற்றுக் குழாயிற் பீய்ச்சும் வண்டிகளில் அப்பெட்ரோலே வால்வுகளை ஓரளவு கழுவிவிடும். சிலிண்டரினுள் நேரே பீய்ச்சும் புதுமுறை வண்டிகளில் அவ்வாறு கழுவுதற்கு ஒன்றும் இல்லை. எனவே அவற்றிலும், வளையம் தேய்ந்த பழைய வண்டிகளிலும் பிடிகலத்தின் பயன் மிகுதி.

கலம் தொழிற்படும் வகை

உப்பளத்தைக் கண்டார்க்கு இக்கலத்தின் தத்துவம் எளிதில் விளங்கும். வாய்க்காலில் விரைந்து வரும் கடல்நீர் அகன்ற பாத்தியிற் புகுந்தவுடன் தன் வேகத்தை இழந்து நிற்கிறது. நின்ற நீரில் கலங்கல் படிகிறது. பின் வெயிலால் நீர் சுண்டி, அடர்த்தி ஏறக்குறைய 25 பாகையை எட்டும்போது உப்பு பூக்கிறது. ஓடும் நீரிற் படியாதது நிற்கும் நீரிற் படியும்.

பிடிகலமும் வாயுவிற்கு ஒரு பாத்தியே. 12 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் விரைந்து வரும் வாயு 72 மில்லிமீட்டர் விட்டமுள்ள கலத்திற் புகுவதாகக் கொள்வோம். விட்டம் 6 மடங்காயின் பரப்பு 36 மடங்காகும். வேகமோ 36இல் ஒரு பங்காகக் குறையும். வேகம் குறைந்தவிடத்து வாயு திடீரெனத் திசைமாறின், இலேசான வாயு வளைந்து சென்றுவிடும்; கனத்த எண்ணெய்த் துளி வளைய மாட்டாது சுவரில் மோதி ஒட்டிக்கொள்ளும். கலம் குளிர்ந்திருப்பின் நீராவியும் துளியாகும். மிக நுண்ணிய துளிகளோ இவற்றிற்கெல்லாம் அகப்படாமல் வாயுவோடு தப்பிச்செல்லும். ஆகவே வீட்டிற் செய்த கலம் எண்ணெய் முழுவதையும் பிடித்துவிடும் என்று எதிர்பார்த்தல் தகாது.

செய்முறை

கலத்திற்கு அரை முதல் முக்கால் லிட்டர் கொள்ளும் எவர்சில்வர் தண்ணீர்ப் பாட்டில் ஒன்று போதும். ஒற்றைச் சுவருடையதே வேண்டும். சூடு காக்கும் இரட்டைச் சுவர்ப் பாட்டில் வெப்பத்தை வெளியே விடாதாகலின் பயன்படாது. மூடியும் உலோகமாக இருத்தல் நலம். கண்ணாடி உடையும், பிளாஸ்டிக் வெப்பத்தில் இளகும். சாதாரணத் தகர டப்பாவை எங்கள் கடற்காற்று நெடுநாள் விட்டுவைக்காது. அலுமினியக் கலத்திற் பித்தளை நிப்பிளை முடுக்கினால், உப்பு ஈரம் பட்டு அலுமினியம் அரிக்கப்படும்.

மூடியில் இரண்டு துளையிட்டு இரண்டு பித்தளை நிப்பிள்களை நட்டும் வாஷரும் இட்டு முடுக்குக. நிப்பிளின் உள்விட்டம் வண்டியின் பழைய ஹோஸின் உள்விட்டத்திற் குறைதல் கூடாது. குறையின் மூச்சு தடைப்படும். உள்ளே வரும் நிப்பிளோடு ஒரு குழாயை இணைத்துக் கலத்தின் பாதி ஆழம் வரை இறக்குக. வெளியே செல்லும் நிப்பிள் மூடியின் அளவிலேயே நிற்கட்டும். இடையே, பாத்திரம் துலக்கும் எவர்சில்வர் கம்பிச் சுருளைத் தளர்வாகப் பரப்பி, மேலும் கீழும் துளையிட்ட தகடுகளால் அதனைத் தாங்குக. குழாய் இச்சுருளினூடே கீழ்த்தகட்டிற்கும் அப்பால் இறங்க வேண்டும். அப்போதுதான் வாயு அடியில் வெளிப்பட்டு, மேல்நோக்கித் திரும்பி, சுருளைக் கடந்து செல்லும். மெல்லிய இரும்பு நாரை ஒருபோதும் இடற்க. அது துருப்பிடித்து உதிர்ந்து யந்திரத்தினுட் சென்றால் கேடு விளையும்.

பாட்டிலோடு வரும் ரப்பர் வளையம் எண்ணெய்பட்டு உப்பக் கூடும். நைட்ரைல் ரப்பர் வளையத்தை வாங்கி மாற்றுக. ஹோஸும் எண்ணெயையும் பெட்ரோலையும் தாங்குவதாய், உறிஞ்சும் விசைக்குச் சப்பையாகாததாய் இருத்தல் வேண்டும். முடிந்தபின் ஒரு நிப்பிளை அடைத்து, கலத்தை வாளி நீரில் அமிழ்த்தி, மற்றொன்றின் வழியே ஊதுக. குமிழி எழாவிடின் கலம் பழுதற்றது. பின்னர் ஈரம் போக நன்றாக உலர்த்துக.

பொருத்தும் முறை

பி.சி.வி. வால்வினின்று காற்றுக் குழாய்க்குச் செல்லும் ஹோஸின் இடையே இதனைப் பொருத்துக. வால்வை நீக்கலாகாது. ஹோஸ் நெளிந்து மடியாமலும், ஒவ்வொரு முனையிலும் கிளிப் இறுகியும் இருக்கட்டும். புகைக்குழாயின் சூட்டிற்கு விலகி, காற்றோட்டமுள்ள இடத்தில் இரும்புப் பட்டையாற் கலத்தை அசையாது கட்டுக. யந்திரத்தை முடுக்கியபின் அது நிதானமின்றி ஓடினாலோ, ‘உஸ்’ என்ற ஒலி கேட்டாலோ, எங்கோ கள்ளக் காற்று புகுகின்றது என்றறிந்து அதனை அடைக்க வேண்டும். இவ்வேலையைப் பட்டறையில் வண்டியை அறிந்த மெக்கானிக் முன்னிலையிற் செய்தல் சாலச் சிறந்தது.

விலக்க வேண்டியன

சிலர் ஹோஸை மீண்டும் யந்திரத்தோடு இணைக்காமல், கலத்தின் மேல் ஒரு சிறு வடிகட்டியை வைத்துத் திறந்து விடுகின்றனர். இதனாற் கலம் செய்வது எளிதாகும். ஆனால் 1961ஆம் ஆண்டிற்கு முன் சாலையில் விட்ட நஞ்சை மறுபடியும் சாலையில் விடுவதாகும். நம் யந்திரம் தூய்மைபெற, பின்னால் வரும் சைக்கிள்காரர் அப்புகையை மூச்சிழுத்தல் முறையாமா?

இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியை ஆக்கினோர் குறித்த அமைப்பிற்கு மாறாகத் திருத்துவதைக் கட்டுப்படுத்துகிறது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்த பாரத் 6 விதிகளுக்கு உட்பட்ட வண்டிகளில் இவ்வமைப்பு நுட்பமானது. கம்பெனி உறுதிப்பத்திரம் செல்லும் காலத்தில் அதனிற் கைவைத்தல் தகாது.

சேர்ந்த நீர்மத்தைக் கொட்டும் இடத்தையும் எண்ண வேண்டும். அதிற் பெட்ரோல் கலந்திருத்தலின் நெருப்பின் அருகே திறவற்க. பழைய எண்ணெயை 2016ஆம் ஆண்டு விதிகள் தீங்குறு கழிவாக வகுத்துள்ளன. எங்கள் பக்கத்துக் கழுவெளி 2021ஆம் ஆண்டிற் பறவைகள் சரணாலயமாகவும், 2024ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பெற்றது. பல காவதம் கடந்துவரும் பறவைகள் இறங்கும் அந்நீரிலும், உப்புப் பாத்திக்குச் செல்லும் வாய்க்காலிலும் ஒரு துளி எண்ணெயும் விழுதல் கூடாது. மூடிய டப்பாவிற் சேர்த்துவைத்து, பழைய எண்ணெய் திரட்டும் பட்டறையிற் கொடுத்துவிடுக.

கலம் கூறும் செய்தி

முதலில் 500 கிலோமீட்டரிலும், பின் 1000 கிலோமீட்டருக்கு ஒரு முறையும் கலத்தைத் திறந்து பார்த்தல் நன்று. மூன்றில் ஒரு பங்கு நிறையுமுன் கொட்டிவிடுக. அப்போது வெறுமனே கொட்டாது, உற்று நோக்குக. மருத்துவர் நாடியைப் பார்த்தல் போல, இக்கலத்தைக்கொண்டு யந்திரத்தின் நலத்தை அறியலாம்.

பால் கலந்த தேநீர் போன்ற மஞ்சள் குழம்பு இருப்பின், நீரும் எண்ணெயும் கலந்தன என்பது பொருள். யந்திரம் நன்கு சூடேறுமுன்னரே நிறுத்தப்படும் குறும்பயணங்களில் இஃது இயல்பு. அதனோடு ரேடியேட்டரில் நீரும் குறைந்துகொண்டே வருமாயின், தலைப்பகுதி காஸ்கெட் பழுதா என்று ஆராய வேண்டும். எண்ணெய் மட்டும் சிறிது சிறிதாகச் சேர்தல் இயற்கை. முன்னில்லாத அளவிற்குத் திடீரென மிகுமாயின், யந்திரத்தில் அளவிற்கு மேல் எண்ணெய் ஊற்றப்பட்டதா என்று அளவுக்கம்பியைப் பார்க்க. அஃது இல்லையெனில் வளையங்கள் தேய்ந்தன என ஐயுறுக. அந்நிலையிற் பெரிய கலம் ஒன்றை வைத்து, ‘நோய் தீர்ந்தது’ என்றிருத்தல் பேதைமை. கூரை ஒழுகுமிடத்தில் வைத்த குடம் தரையைக் காக்கும். கூரையை வேய்ந்து தராது.

முடிவுரை

சிக்கனம் என்பது குறைந்த விலையில் ஒரு பொருளைப் பெறுவது மட்டும் அன்று. அப்பொருளின் காரணகாரியத்தை அறிந்து, அதனாற் பிறர்க்கும் ஊர்க்கும் தீங்கு நேராமற் காத்து, அது காட்டும் குறிப்பை உணர்ந்து நடத்தலே மெய்யான சிக்கனம். சில நூறு ரூபாயில் ஆகும் இப்பிடிகலம், தேவையான வண்டியில், திறந்து விடாது முறையாக இணைத்து, அடிக்கடி நோக்கப்படின் உற்ற துணையாகும். அவ்வாறன்றிப் பிறர் வைத்தார் என்று தாமும் வைத்துவிட்டு மறப்பார்க்கு, அது பாரத்தின்மேல் மற்றொரு பாரமேயாம். நம் கல்லூரி நண்பர்களில் வண்டியுடையாரும், வண்டியோட்டிப் பிழைப்பாரைத் தந்தையராகவும் தமையராகவும் உடையாரும் இதனை மனங்கொள்வாராக.