அளவறிந்து அடி வைத்தல்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையை அடுத்துள்ளது 'சாலை' எனப்படும் கடைவீதி. தமிழ் வணிகர் பலர் தலைமுறைகளாக வாணிகம் செய்துவரும் இடம் அது. அங்கே 1 கிலோ நேந்திரங்காயை 42 ரூபாய்க்கும், பிறிதொரு நாள் 2 கிலோவை 79 ரூபாய்க்கும் வாங்கினோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவின் விலை யாது? இரண்டிற்கும் முற்றிலும் பொருந்தும் விலை ஒன்றில்லை. பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டினால் எவ்விலைக்கு அத்தொகை மிகக் குறைகிறதோ, அதுவே ஏற்றதாகும். 1805-ஆம் ஆண்டில் லெஜாந்தர் வெளியிட்ட மீச்சிறு வர்க்க முறை இதுவே.

இங்கு விடை 40 ரூபாய் என்று நேரே கணக்கிட்டுவிடலாம். ஆழ்கற்றலிலோ அறியவேண்டிய எண்கள் கோடிக்கணக்கானவை, நேர்வழி கிடையாது. ஆகவே, 1847-இல் கோஷி காட்டிய வழியில், ஓர் ஊகத்தில் தொடங்கி, சரிவைப் பார்த்து, அடியடியாக இறங்குகிறோம். ஒவ்வொரு பிழையையும் அதன் எடையால் பெருக்கிக் கூட்டினால் சரிவு கிடைக்கும். அதனைக் கற்றல் வீதத்தால் பெருக்கி ஊகத்திலிருந்து கழித்தால் அடுத்த ஊகம் வரும்.

நமது ஊகம் 0 ஆயின் சரிவு −200. வீதம் 0.1 எனில் ஊகம் 20, 30, 35 என மெல்ல 40-ஐ நெருங்கும். 0.2 எனில் ஒரே அடியில் 40. 0.4 எனில் 80, 0, 80 என ஓயாது ஊசலாடும். 0.5 எனில் 100, −50, 175 எனக் கட்டுமீறி விலகும்.

இதன் காரணம் எளிது. எடைகளின் வர்க்கத்தொகை 5. சரிவு மாறும் வேகம் அதுவே. வீதம் 2/5-க்குக் குறைவாக இருத்தல் வேண்டும். எடையைக் கிராமில் எழுதினால் அத்தொகை 50,00,000 ஆகி, வீதத்தின் எல்லையும் அதற்கேற்பச் சுருங்கும்.

அறியவேண்டியவை பலவாயின், மிகச் செங்குத்தான திசையே எல்லையை வகுக்கும். சாய்வு குறைந்த திசையிலோ முன்னேற்றம் ஆமை வேகமாகும். ஆதலின், தரவுகளை முதலில் ஒத்த அளவுக்குக் கொணர்தல் நன்று. ஆழ்கற்றலில் செங்குத்து இடத்துக்கிடம் மாறுவதால், சிறு வீதத்தில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தி, பிழை பெருகத் தொடங்குமுன் நிறுத்தி, இறுதியில் மீண்டும் குறைப்பது வழக்கம்.

வீதம் மிகுந்தால் கணிப்பு சிதறும். குறைந்தால் காலமும் மின்சாரமும் வீணாகும். நடுவே அமைந்த அளவைத் தேடுவதே கற்பிப்போரின் முதற்கடமை.