“ஒண்ணுமில்லீங்ணா...” என்று சொல்லும் திருப்பூர் பிள்ளைகளுக்கு! காசு கேட்காத மனநல உதவி எங்கே கிடைக்கும்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் திருப்பூரில் ஒரு லைன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஆறு நாள் ஓடிய கால்கள் அன்றுதான் நீண்டிருக்கும். துணி துவைத்துக் கொடியில் போட்டு, பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, ஓர் அறைக்குள் நாலைந்து பேர் போனைப் பார்த்தபடி படுத்துக் கிடப்பார்கள். அவர்களில் ஒருவன் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வயது 19. ஊர் தேனிப் பக்கமாக இருக்கலாம், பீகாராகவும் இருக்கலாம். பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்து, இப்போது ஓவர்லாக் டெய்லர்.

இரண்டு மாதமாகத் தூக்கம் சரியில்லை. சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்தாலும் மனசு அசையவில்லை. அம்மா போன் செய்தால், “நல்லாருக்கேன்மா.” பக்கத்து அறைக்காரர் விசாரித்தால், “ஒண்ணுமில்லீங்ணா, சும்மா தலைவலி.”

இப்படி ஒருவர் உங்கள் அறையிலோ வீட்டிலோ, அடுத்த மெஷினிலோ இருக்கலாம். அது நீங்களாகவே இருக்கலாம். நிம்ஹான்ஸ் 2015-16ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, பெரியவர்களில் 100 பேருக்கு 10 பேருக்கு மேல் அந்தச் சமயத்தில் ஏதோ ஒரு மனநலப் பிரச்னை இருந்ததாகச் சொன்னது. 13 முதல் 17 வயதுக்காரர்களிடம் அது 7.3 சதவிகிதம். பெரும்பாலானவர்கள் சிகிச்சை பக்கமே போகவில்லை என்பதுதான் அதைவிடக் கவலையான செய்தி.

ஏன் போகவில்லை? ‘பைத்தியம்னு சொல்லிடுவாங்க’ என்ற பயம் எல்லா ஊரிலும் உண்டு. திருப்பூரில் கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது. அதற்குப் பெயர் ஷிப்ட்.

அரை ஷிப்ட் கணக்கு

அரசு மருத்துவமனையில் ஓ.பி. என்பது பெரும்பாலும் காலை நேரச் சமாச்சாரம். சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கி வெளியே வந்தால் மதியமாகிவிடும். அதற்குள் அரை ஷிப்ட் சம்பளம் போயிருக்கும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அன்றைய பீஸ் போச்சு. ஏற்றுமதி ஆர்டரை அனுப்பும் நாள் நெருங்கினால் சூப்பர்வைசரிடம் லீவு கேட்கவே நாக்கு எழாது. கேட்டாலும், “என்ன உடம்புக்கு?” என்பார். ‘மனசு சரியில்லை’ என்று எப்படிச் சொல்வது? ஆக, சிகிச்சை இலவசம்தான். ஆனால், அங்கே போய்ச் சேர ஒரு விலை இருக்கிறது.

அந்த அரை ஷிப்ட்டை நம்பித்தான் ஊரில் ஒரு குடும்பமும் இருக்கிறது. தொழிலில் ஏதாவது ஆட்டம் கண்டால் அது நேராக லைன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது ஊர் அதைப் பார்த்தது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கான அமெரிக்க வரி 50 சதவிகிதமானபோதும் பார்த்தது. ஆர்டர் குறைந்தால் ஷிப்ட் குறையும். வட்டிக்காரர் தவணையைக் குறைக்க மாட்டார்.

இதனால்தான், எங்கே தொடங்குவது என்று கேட்டால், முதலில் போனைச் சொல்கிறேன். அதற்கு லீவு வேண்டாம்.

ராத்திரி பதினொரு மணிக்கும் எடுப்பார்கள்

14416. மத்திய அரசு 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையின் எண் இது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது. 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் கிடையாது. இதே சேவைக்கு 1800 891 4416 என்ற எண்ணும் இருக்கிறது. நாடு முழுக்க இதுவரை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்திருக்கின்றன. கூப்பிட்டால் நீங்கள் ஒருவர்தான் இப்படி என்று யாரும் நினைக்கப்போவதில்லை.

அழைத்தால் முதலில் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். பிறகு பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். பேச்சிலேயே பாரம் இறங்கினால் சரி. மேலே சிகிச்சை தேவை என்று தோன்றினால் உளவியலாளருக்கோ மனநல மருத்துவருக்கோ இணைப்பார், அல்லது பக்கத்தில் எந்த மருத்துவமனைக்குப் போகலாம் என்று சொல்வார். மொத்தம் 20 மொழிகளில் பேசலாம். வடமாநிலத்திலிருந்து வந்து தமிழ் தெரியாமல் தவிக்கும் ரூம்மேட்டுக்கும் இந்த எண்ணைக் கொடுங்கள்.

என்ன பேசுவது என்று பலருக்குத் தயக்கம். அழகாகக் கோவையாகப் பேச வேண்டியதில்லை. “ரெண்டு மாசமா தூக்கம் வரலை, வேலையில மனசு நிக்கலை” என்பதே போதும். மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். அறையில் நாலு பேர் இருக்கும்போது பேசக் கூச்சமாக இருந்தால் மொட்டை மாடிக்குப் போங்கள்.

தமிழக அரசின் 104 எண்ணிலும் மனநல ஆலோசனை உண்டு. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986ல் சென்னையில் தொடங்கிய ‘சிநேகா’ அமைப்பின் எண் 044-24640050. அங்கே பேசுபவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். ‘வாழவே பிடிக்கவில்லை’ என்ற நிலையில் இருப்பவர் சொல்வதைக் குறுக்கே பேசாமல், திட்டாமல் கேட்பதுதான் அவர்கள் வேலை. கேட்கும்போது எளிதாகத் தெரியும். வீட்டில் ஐந்து நிமிடம் முயற்சி செய்து பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று புரியும்!

நேரில் போகிறவர்களுக்கு...

திருப்பூர் தாராபுரம் ரோட்டில் இருக்கிறது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இங்கே மனநலப் பிரிவுக்குத் தனியாகச் சிபாரிசு எதுவும் வேண்டாம். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில், “மனநல டாக்டரைப் பார்க்கணும்” என்றால் அறையைக் காட்டுவார்கள். அந்த வார்த்தையைச் சொல்லக் கூச்சமாக இருந்தால், “தூக்கம் வரலைங்க” என்று பொது மருத்துவரிடம் போனாலும் அவரே அனுப்பிவைப்பார்.

அவிநாசி, பல்லடம், காங்கேயம், தாராபுரம், உடுமலை பக்கம் இருப்பவர்கள் திருப்பூர் வரை அலைய வேண்டியதில்லை. மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. மனநல மருத்துவரும் ஆலோசகர்களும் கொண்ட குழு, குறிப்பிட்ட நாள்களில் தாலுகா அளவிலான அரசு மருத்துவமனைகளுக்கே வந்து பார்க்கும். தமிழ்நாட்டில் 1990களில் திருச்சியில் தொடங்கி, பிறகு எல்லா மாவட்டங்களுக்கும் வந்த திட்டம் இது. உங்கள் ஊர் ஜி.எச்.சில் எந்தக் கிழமை என்று ஒருமுறை விசாரித்துவிட்டுப் போங்கள். அரை ஷிப்ட்டை விட்டுவிட்டுப் போய், ‘இன்னிக்கு டாக்டர் வர மாட்டார்’ என்று கேட்டுத் திரும்புவதைப்போல எரிச்சலூட்டுவது வேறில்லை.

உள்ளே என்ன நடக்கும்? ஷாக் கொடுப்பார்கள், மயக்க மாத்திரை கொடுத்துப் படுக்கப் போட்டுவிடுவார்கள் என்றெல்லாம் நமக்குச் சினிமா சொல்லிக் கொடுத்திருக்கிறது. உண்மையில் பெரும்பாலும் பேச்சுதான். தூக்கம், பசி, வேலை, குடி, வீட்டு நிலைமை பற்றிக் கேட்பார்கள். ரத்தப் பரிசோதனை எழுதலாம். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும்கூட ஆளைச் சோர்ந்துபோக வைக்கும். குறிப்பாக, காலையில் சாப்பிடாமல் வேலைக்கு ஓடும் பெண் பிள்ளைகளுக்கு இதைப் பார்த்தே ஆக வேண்டும். எல்லோருக்கும் மாத்திரை தருவதில்லை. தந்தால் அதுவும் இலவசம்.

மாத்திரை தரப்பட்டவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். மனச்சோர்வுக்கான மாத்திரை தலைவலி மாத்திரை மாதிரி ஒரு மணி நேரத்தில் வேலை செய்யாது. பலன் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நம்மவர்கள் பத்தாம் நாள், ‘ஒண்ணும் கேக்கலை’ என்று நிறுத்துவார்கள், அல்லது இரண்டாம் மாதம், ‘நல்லாகிடுச்சு’ என்று நிறுத்துவார்கள். இரண்டுமே டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாதவை.

ஈ.எஸ்.ஐ. கார்டை எடுங்கள்

உங்கள் சம்பளத்தில் 0.75 சதவிகிதம் ஈ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்களா? கம்பெனி தன் பங்குக்கு 3.25 சதவிகிதம் கட்டுகிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கான இந்தத் திட்டத்தைப் பலரும் காய்ச்சல், பிரசவத்துக்கு மட்டும் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மனநலச் சிகிச்சைக்கும் அதே கார்டுதான்.

அரை ஷிப்ட் கணக்குக்கு ஓரளவு பதிலும் இங்கேதான் இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. மருத்துவர் ஓய்வு தேவை என்று சான்றிதழ் கொடுத்தால், சந்தா போதுமான நாள்களுக்குக் கட்டப்பட்டிருக்கும் தொழிலாளிக்குச் சம்பளத்தில் 70 சதவிகிதம் வரை, ஆண்டுக்கு 91 நாள்கள் நோய்க்காலப் பணமாகக் கிடைக்கும். தீவிர மனநோய்கள் சில நீண்டகால நோய்ப் பட்டியலிலேயே இருக்கின்றன. இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்து, சந்தா நிபந்தனையையும் நிறைவு செய்தவர்களுக்கு அதில் 80 சதிவிகிதச் சம்பளம் இன்னும் நீண்ட காலத்துக்குக் கிடைக்க வழியுண்டு. ஆனால் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்களில் பலருக்கு ஈ.எஸ்.ஐ. பதிவே இருப்பதில்லை. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இடம் என்றால், ‘எனக்கு ஏன் கார்டு இல்லை?’ என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளும் மில் ஹாஸ்டல் பெண்களும்

மனநலப் பிரச்னைகளில் ஏறக்குறைய பாதி 18 வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. அம்மா, அப்பா இருவரும் ஒன்றரை ஷிப்ட் முடித்து வரும் வீட்டில், பத்தாவது படிக்கும் பிள்ளை பேசக் கிடைப்பது இரவு அரை மணி நேரம். அதிலும் பாதி, ‘படிச்சியா?’ என்ற கேள்விக்கே போய்விடும். மாணவர்களுக்குப் பள்ளிக் கல்வித்துறையின் 14417 இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் இருக்கும் யாருக்கு என்ன ஆபத்து என்றாலும் 1098. இது தவிர, 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கான ஆலோசனை மையங்கள் 2014ல் தொடங்கிய வளரிளம் பருவ நலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் செயல்படுகின்றன.

ஸ்பின்னிங் மில் விடுதிகளில் தங்கி வேலை செய்யும் பெண்களுக்கு நிலைமை வேறு மாதிரி. வெளியே போக வார்டன் அனுமதி, பேச நேரக் கட்டுப்பாடு. சூப்பர்வைசரால் தொல்லை என்றாலோ, வீட்டில் கட்டாயக் கல்யாணம் என்றாலோ, 181 பெண்கள் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்டத்தில் இருக்கும் ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஆலோசனை, சட்ட உதவி, தற்காலிகத் தங்குமிடம் ஆகிய மூன்றும் இலவசம். மனக்கஷ்டத்துக்குக் காரணமே வேலையிடத்தில் இருக்கும்போது, ‘தைரியமா இரு’ என்று ஆலோசனை சொல்லி அனுப்புவது அரைகுறை வைத்தியம் என்பது என் கருத்து. அதற்குப் புகாரும் வேண்டும்.

போலீஸ் கேஸ் ஆகுமா?

தற்கொலைக்கு முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட சில குடும்பங்கள் தயங்குவது இந்தப் பயத்தால்தான். 2017ல் இயற்றப்பட்டு 2018 மே மாதம் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், பழைய 309வது பிரிவைப்போலத் தற்கொலை முயற்சியைப் பொதுவான குற்றமாக்கும் பிரிவு இல்லை. நடந்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; சிகிச்சைக்கு அதுதான் முக்கியம். சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கவும் அதே 2017 சட்டம் உரிமை தருகிறது. நீங்கள் என்ன சிகிச்சை எடுக்கிறீர்கள் என்று கம்பெனிக்கு மருத்துவமனை சொல்லிவிடாது.

பாட்டிகளின் பெஞ்ச்

ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வே நாட்டில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், 2006ல் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையங்களுக்கு வெளியே பெஞ்ச் போட்டு உட்காரவைத்தார். மனச்சோர்வுக்கு அந்த ஊர் மொழியில் இருக்கும் சொல்லுக்கு அர்த்தம், ‘அளவுக்கு மீறி யோசிப்பது’. நாமும் அதைத்தானே சொல்கிறோம், ‘ரொம்ப யோசனை பண்றான்’ என்று! அந்தப் பாட்டிகளிடம் பேசியவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட நல்ல முன்னேற்றம் இருந்ததை 2016ல் வெளியான ஆய்வு காட்டியது.

திருப்பூரில் லைன் வீட்டுக்கார அம்மாக்களும் டீக்கடை அண்ணன்களும் ஏற்கெனவே பாதி அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். “என்ன கண்ணு, ரெண்டு நாளா சரியாவே இல்ல?” என்று கேட்பவர்கள் அவர்கள்தான். அதற்கு அடுத்த கேள்வியையும் கேட்கலாம்: “சாகணும்னு ஏதாச்சும் தோணுதா சாமி?” இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் பதறாமல், உபதேசம் செய்யாமல் கூடவே இருங்கள். தனியாக விடாதீர்கள். ஆபத்து உடனடியாக இருந்தால் 108. அவசரப் பிரிவு இரவு பகல் எந்நேரமும் திறந்திருக்கும்.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் அந்தப் பையனிடம், ‘நீ போய் டாக்டரைப் பாரு’ என்றால் அநேகமாகப் போக மாட்டான். மேனேஜரிடம், “நாளைக்கு ரெண்டு பேரும் மத்தியானத்துக்கு மேல வர்றோம்ணா” என்று சொல்லிவிட்டு, காலையில் வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு போய் நீங்களே ஓ.பி. சீட்டு வாங்கிக் கொடுங்கள். ஆதார், ஈ.எஸ்.ஐ. கார்டு, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை ஏதாவது இருந்தால் அதன் அட்டை, மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசை நீளமாக இருக்கும், முதலில் டிபன் சாப்பிட வைத்துவிடுங்கள்.