விளையாட்டுக் காயமும் வழக்குப் பயமும்

மலைப் பகுதியில், விளையாட்டின்போது அடிபட்ட பிள்ளை எத்தனை மணிக்கு மருத்துவரிடம் வந்து சேர்கிறது என்பதைச் சாலையும் பயமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. கேரளத்தின் ஏலமலைப் பகுதியிலுள்ள சாந்தன்பாறையிலிருந்து தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்குச் செல்லப் பூப்பாறை வழியாகப் போடிமெட்டு மலைப்பாதையை இறங்கிக் கடக்க வேண்டும். கோட்டயம் மருத்துவக் கல்லூரி அதைவிடவும் தொலைவு. இந்தத் தூரத்தை எவராலும் ஒரே நாளில் குறைத்துவிட முடியாது. ஆனால், "கேஸ் ஆகிவிடும்" என்று அஞ்சி அடிபட்ட மாணவனைப் பள்ளி அறையிலோ தோட்டக் குடியிருப்பிலோ படுக்க வைத்துவிட்டு, பொழுது சாயும் வரை காத்திருக்கும் வழக்கத்தைக் குறைக்க முடியும். சட்டம் எதைக் குற்றமாகப் பார்க்கிறது என்பது தெரியாததால்தான் இந்தப் பயம் பெரும்பாலும் தவறான இடத்தில் வேலை செய்கிறது.

பாலா தந்த பாடம்

2019 அக்டோபர் 4 அன்று கோட்டயம் மாவட்டம் பாலா நகராட்சி விளையாட்டரங்கில் நடந்த மாநில ஜூனியர் தடகளப் போட்டியில் தன்னார்வலராகப் பணியாற்றிய பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவரின் தலையில், வீசப்பட்ட சங்கிலிக்குண்டு வந்து விழுந்தது. அவர் அக்டோபர் 21 அன்று கோட்டயம் மருத்துவக் கல்லூரியில் உயிரிழந்தார். ஈட்டி எறிதலையும் சங்கிலிக்குண்டு எறிதலையும் ஒரே நேரத்தில் அடுத்தடுத்து நடத்தியதே கேள்விக்குள்ளானது. போட்டி அலுவலர்கள் மீது காவல்துறை வழக்குப் பதிந்தது. இந்நிகழ்வில் குண்டின் பழுதோ, அதை வீசியவரின் தவறோ முதன்மைக் கேள்வியாகவில்லை. கருவிப் பாதுகாப்பு என்பது பொருளின் தரத்தோடு முடிவதில்லை. அதை எங்கே, எப்போது, யார் நிற்கும்போது பயன்படுத்துவது என்பதையும் உள்ளடக்கியது. சங்கிலிக்குண்டு எறியும் வளையத்தைச் சுற்றிக் குறைந்தது 7 மீட்டர் உயரத் தடுப்புக் கூண்டு வேண்டும் என்றும், குண்டு விழும் பகுதி 34.92 பாகைக் கோணத்துக்குள் அமைய வேண்டும் என்றும் உலகத் தடகள அமைப்பு விதி வகுத்திருப்பது இதனால்தான்.

2025 நவம்பரில் ஹரியானாவின் ரோத்தக் மாவட்டத்தில் பயிற்சியிலிருந்த 16 வயது கூடைப்பந்து வீரரின் மார்பின் மேல் வளையக் கம்பம் சாய்ந்து உயிரைப் பறித்தது. மாதக்கணக்கில் மழை நிற்காத ஏலமலைப் பகுதியில், சிமென்ட்டுக்குள் கம்பம் இறங்கும் இடத்திலேயே துரு முதலில் பிடிக்கிறது என்பதையும், மேலே பூசிய புதுப் பெயின்ட் அதை மறைத்துவிடும் என்பதையும் அங்குள்ள ஒவ்வொரு பள்ளியும் நினைவில் கொள்வது நல்லது.

உயிரைக் குடிக்கும் நம்பிக்கைகள்

தலையில் அடிபட்டவன் எழுந்து நடந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்பது இத்தகைய தவறான நம்பிக்கைகளுள் முதன்மையானது. 1998 பிப்ரவரியில் டாக்காவில் தலைக்கவசமின்றி மட்டையாளருக்கு மிக அருகில் களத்தடுப்பில் நின்ற இந்தியக் கிரிக்கெட் வீரர் ராமன் லம்பா, பந்து நெற்றியில் பட்ட பிறகு தாமே நடந்து ஓய்வறைக்குச் சென்றார். சிறிது நேரத்தில் நினைவிழந்தார். மூன்றாம் நாள் இறந்தார். மண்டைக்குள் கசியும் இரத்தம் மூளையை அழுத்தும் அளவுக்குச் சேரும் வரை நோயாளி தெளிவாகப் பேசுவதை மருத்துவர்கள் 'தெளிவு இடைவெளி' என்கிறார்கள். சிகிச்சைக்கு மிகவும் பயன்படக்கூடிய அந்த நேரத்தைத்தான் சோடா கொடுப்பதிலும், "தூங்கினால் சரியாகும்" என்று படுக்க வைப்பதிலும் வீணாக்குகிறார்கள். வாந்தி, அதிகரிக்கும் தலைவலி, கண்மணிகளின் அளவில் வேறுபாடு, குழறும் பேச்சு, அளவுக்கு மீறிய தூக்கம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் வண்டி உடனே புறப்பட வேண்டும்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலிமாத்திரை இரண்டாவது தீங்கு. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை இரத்தத் தட்டுகளின் செயலைக் குறைத்து உள்ளே நடக்கும் கசிவை நீடிக்கச் செய்யலாம். வலி அடங்குவதால் எச்சரிக்கை அறிகுறியும் மறைந்துபோகிறது. கடைக்காரருக்கு ஸ்கேன் பார்க்கும் கண் கிடையாது. அடிபட்ட பின் வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது மற்றொரு பழக்கம். சாவி வலிப்பை நிறுத்துவதில்லை, வலிப்பு தானாக நிற்கும்போது சாவிக்குப் பெயர் கிடைக்கிறது. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

எலும்பு முறிவில் நடக்கும் கொடுமை தனி. எண்ணெய் போட்டு உருவி, மூங்கில் சிம்பு வைத்து இறுக்கிக் கட்டிய கை வீங்கும்போது, கட்டு இளகாததால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் தசை அழியத் தொடங்குகிறது. விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும் அந்த நிலையை, அதை விளக்கிய மருத்துவரின் பெயரால் ஃபோல்க்மன் சுருக்கம் என்பர். பிற்காலத்தில் எந்த அறுவைச் சிகிச்சையும் அந்தக் கையை முழுமையாக மீட்பதில்லை. விரல் மரத்துப்போனாலோ, அதை நீட்டும்போது தாங்க முடியாத வலி எழுந்தாலோ, கட்டியவர் யாராக இருந்தாலும் கட்டை அந்நேரமே தளர்த்தியாக வேண்டும்.

ஏதேனும் ஒரு ஹெல்மெட் இருந்தால் போதும் என்ற எண்ணமும் பிழையே. பலமாக அடிவாங்கி விரிசல் விட்ட கவசத்தை அண்ணனிடமிருந்து தம்பிக்குக் கைமாற்றுவதில் பாதுகாப்பு எதுவும் மிஞ்சுவதில்லை. 2014 நவம்பரில் ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் ஃபில் ஹியூஸ் தலைக்கவசம் அணிந்திருந்தும், பந்து அதன் விளிம்புக்குக் கீழே கழுத்தில் பட்டு, மூளைக்குச் செல்லும் தமனி கிழிந்து இறந்தார். கழுத்துக் காப்பை அந்நாடு தன் முன்னணி வீரர்களுக்குக் கட்டாயமாக்கியது 2023 அக்டோபரில்தான். 2025 அக்டோபரில் மெல்போர்னில் அக்காப்பு இல்லாத கவசத்துடன் வலைப்பயிற்சியில் நின்ற 17 வயதுச் சிறுவன் கழுத்தில் பந்து பட்டு உயிரிழந்தான்.

பரிசோதனை

தலைக்காயத்துக்குத் தேவைக்கேற்பச் சி.டி. ஸ்கேன், எலும்புக்கு எக்ஸ்ரே. எது தேவை என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

சட்டம் கேட்கும் கேள்வி

பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர், அறிவுள்ள ஒரு பெற்றோர் காட்டும் அளவுக்கு எச்சரிக்கை காட்ட வேண்டும் என்ற கடமையையே சட்டம் முதலில் பார்க்கிறது. ஓடும்போது கால் பிசகுவது ஆட்டத்துக்கே உரிய ஆபத்து. ஊன்றாத கோல்கம்பம் சாய்வது அப்படிப்பட்டதன்று. அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்கு வழி செய்கிறது. 1995இல் பியாஸ் ஆற்றில் 14 மாணவர்கள் மூழ்கி இறந்த வழக்கில், உடன் சென்ற ஆசிரியர்களின் அலட்சியத்துக்குப் பள்ளி நிர்வாகமே பொறுப்பு என்று 2001இல் உச்ச நீதிமன்றம் தீர்த்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உறுதி செய்தது. கவசம் தயாரிப்பிலேயே பழுதானது என்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி உற்பத்தியாளரும் விற்பவரும் இழப்பீடு தர வேண்டிவரலாம்.

"எது நேர்ந்தாலும் பள்ளி பொறுப்பல்ல" என்று பெற்றோரிடம் வாங்கும் கையெழுத்து அலட்சியத்துக்கு அனுமதிச் சீட்டு ஆகாது. அதை நம்பிக் கம்பத்தைச் சோதிக்காமல் விடும் நிர்வாகம் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறது. காவல்துறை நடைமுறைக்காகக் காத்திராமல் மருத்துவர் உயிர்காக்கும் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்று 1989இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிள்ளையைக் கொண்டுவருவதனால் மட்டும் எவரும் குற்றவாளி ஆவதில்லை. ஒளித்து வைத்த மணி நேரங்களே பின்னர் அலட்சியத்துக்குச் சான்றாகின்றன. கம்பம் விழுந்ததை மறைத்து "படியில் சறுக்கினான்" என்று சொல்லும்போது மருத்துவர் தேட வேண்டிய காயத்தையே தேடாமல் போகக்கூடும்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும்

மழைக்காலம் முடிந்ததும் கம்பங்களின் அடியைத் தட்டிப் பாருங்கள், தயவுசெய்து. கோல்கம்பத்தில் பிள்ளைகள் தொங்குவதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். எறிதல் போட்டி நடக்கும்போது அந்தப் பக்கம் வேறு எதையும் நடத்தாதீர்கள். எறிந்த பொருளைப் பொறுக்கி வர மாணவர்களை அனுப்பாதீர்கள். கால்பந்துக்கு, முழங்காலுக்குக் கீழே அணியும் காப்பை (ஷின் கார்டு) விளையாட்டு விதியே கேட்கிறது. அதையாவது வாங்கிக் கொடுங்கள். எந்த ஆட்டத்துக்கும் முன்பு ஒரு வண்டியும் ஓட்டுநரும் தயாராக இருக்கட்டும். அடிபட்டால், 108க்கு அழைத்துவிட்டு, நடந்ததை நடந்தபடியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.