மூடியைத் திறப்பதற்கு முன்

சீர்காழியில் 2022 நவம்பர் 11ஆம் தேதி கொட்டத் தொடங்கிய மழை, மறுநாள் காலைக்குள் ஏறக்குறைய 44 செ.மீ. பதிவானது. வயலும் தெருவும் ஒன்றாகிவிடும் அப்படியொரு மழையில் வீட்டில் நனையாத பொருள் குறைவு. செல்போன் நனைந்தால் அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைப்பது எல்லோரும் அறிந்த வைத்தியம். கைக்கடிகாரத்துக்கும் அதையே செய்கிறார்கள். நெல் விளையும் மண்ணில் அரிசியைக் குறை சொன்னால் யாருக்குப் பிடிக்கும்? ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். மூடிய வாட்ச்சுக்குள் புகுந்த நீரை வெளியே கிடக்கும் அரிசி இழுத்து எடுக்காது. மூடியைக் கழற்றிவிட்டுப் புதைத்தாலோ மாவும் தவிட்டுத்தூளும் பல்சக்கரங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். ஐபோனை அரிசியில் வைக்காதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே 2024இல் சொல்லிவிட்டது. போனுக்குள் ஓடுகிற பாகம் அதிகமில்லை. வாட்ச்சுக்குள் இருப்பதெல்லாம் ஓடுகிற பாகம். அரிசிக்குள் அது கிடக்கும் இரண்டு மூன்று நாளில் எஃகில் துரு ஏறிவிடும்.

காவிரி டெல்டாக்காரர்களுக்கு இயந்திரம் என்றால் பயமில்லை. பம்ப் செட், டீசல் இன்ஜின், பைக் கார்புரேட்டர் எதுவானாலும் ஒரு சாக்கை விரித்துப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். அந்தத் துணிச்சல் தேவையானதுதான். மெக்கானிக் வந்து சேர்வதற்குள் பயிர் காய்ந்துவிடும். அதே கை, சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் சபுராளிகள், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போய்வருபவர்கள், வாங்கி வந்த ராடோவையும் ஒமேகாவையும் சீகோவையும் திறக்கப் போகும்போதுதான் சிக்கல். திறப்பதற்கான கருவிப் பெட்டி இப்போது சில நூறு ரூபாய்க்கு வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. எப்படித் திறப்பது என்று காட்ட வீடியோவும் இருக்கிறது.

சாவி கொடுக்கும் வாட்ச்சுக்குள் நடப்பது இதுதான். ஒரு சின்ன டப்பிக்குள் சுருட்டிவைத்த மெயின் ஸ்பிரிங் விரிய முயல்கிறது. அந்த விசை மூன்று நான்கு பல்சக்கரங்கள் வழியே கடைசியில் பேலன்ஸ் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது. தலைமுடியைவிட மெல்லிய ஹேர் ஸ்பிரிங், அந்தச் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட வைக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பல் மட்டும் விடுபடுகிறது. நம் காதில் விழும் டிக் டிக் அதுதான். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கிய எச்.எம்.டி.யின் ஜனதா மாடலை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 18,000 முறை, ஒரு நாளைக்கு 4,32,000 முறை, ஆண்டுக்கு 15 கோடியே 76 லட்சம் முறைக்கு மேல் ஆடுகிறது. நாளுக்கு அரை நிமிடம் பிந்தினால் வாட்ச் சரியில்லை என்போம். 86,400 விநாடியில் 30 விநாடி என்பது வெறும் 0.035 சதவீதப் பிழை. இவ்வளவு துல்லியத்தை எந்தப் பம்ப் செட்டிடமும் நாம் எதிர்பார்ப்பதில்லை.

பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு முனை ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன். செயற்கை மாணிக்கக் கல்லில் துளையிட்டு அதற்குள் அதைச் சுழலவிட்டிருக்கிறார்கள். டயலில் ‘17 ஜுவல்ஸ்’ என்று எழுதியிருப்பது இந்தக் கற்களின் கணக்குதான். நகைக் கணக்கு என்று நினைத்துக் கல்லை எடுத்து விற்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. விலை ஒன்றும் பெறாது. மூடும்போது பாலம் போன்ற தகட்டைத் துளைக்கு நேராக வைக்காமல் அழுத்தித் திருகினால் அச்சு முனை ஒடியும். ஒடிகிற சத்தம்கூடக் கேட்காது.

வீட்டு வைத்தியத்தில் அதிகம் நடக்கும் கேடு எண்ணெய்தான். வாட்ச் நின்றுவிட்டது, எண்ணெய் காய்ந்திருக்கும், ஒரு சொட்டு விட்டால் ஓடும் என்பது கணக்கு. எண்ணெய் காய்ந்திருக்கும் என்ற பாதி சரி. ஆனால் ஒரு சொட்டு என்பது வாட்ச்சைப் பொறுத்தவரை வெள்ளம். பழகிய கை, ஊசிமுனையால் தொட்டு, கண்ணுக்குத் தெரியாத அளவு மட்டும் வைக்கும். கல்லின் மேல் குழித்திருக்கும் சின்னக் கிண்ணத்துக்குள் பரப்பு இழுவிசையால் அது அப்படியே நிற்கும். கிண்ணம் நிரம்பி வழிந்தால் எண்ணெய் பக்கத்துத் தகட்டைத் தொடும். தொட்டதும் அந்தப் பரப்பு முழுவதும் படர்ந்து, துளைக்குள் இருந்ததையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். அதிகம் விட்ட இடம்தான் முதலில் வறண்டுபோகும். இதை முதல்முறை கேட்பவர் நம்ப மாட்டார். படர்ந்த எண்ணெய் ஹேர் ஸ்பிரிங்கை எட்டினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங்கின் நீளம் குறைந்தது போலாகி, வாட்ச் மணிக்குப் பல நிமிடம் முந்தி ஓடும்.

எந்த எண்ணெய் என்பது அடுத்த கேள்வி. தையல் மெஷின் எண்ணெய் நிற்காமல் படரும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் வெள்ளையாக நிற்பதைப் பார்க்காதவர் உண்டா? வாட்ச்சுக்கென்றே தயாராகும் எண்ணெயிலேயே பல வகை. வேகமாக ஆடும் அச்சுக்கு நீர்த்தது, அழுத்தம் தாங்கும் இடத்துக்குக் கெட்டியானது. ஒன்றையே எல்லா இடத்திலும் விடுவது ஊரில் எல்லோருக்கும் ஒரே அளவில் சட்டை தைப்பது போல.

முந்தி ஓடும் வாட்ச் என்றதும் இன்னொன்று. எண்ணெய் படாமலே இப்படி ஓடினால், பெரும்பாலும் காந்தம்தான் காரணம். ஸ்பீக்கர், செல்போன் கவரின் பட்டன், கைப்பையின் பூட்டு என்று வீட்டில் காந்தம் இல்லாத இடம் ஏது? காந்தமேறிய சுற்றுகளும் ஒட்டிக்கொள்ளும். கடையில் சில விநாடி வேலையில் காந்தத்தை நீக்கிவிடுவார்கள். அது தெரியாமல் மூடியைத் திறந்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்ன நெம்பை நகர்த்தினால், காந்தம் போன பிறகு வாட்ச் பிந்தத் தொடங்கும். அப்போது மறுபடி திறப்பார்கள்.

பிரிப்பதிலும் பொறி உண்டு. பல மெஷின்களில் சாவி கொடுக்கும் சக்கரத்தின் மேல் இருக்கும் திருகு இடம்வலம் மாறியது. வழக்கம்போல இடப்பக்கம் திருப்பினால் கழலாது, இன்னும் இறுகும். கழலவில்லையே என்று பலம் கொடுத்தால் தலை துண்டாகும். மெயின் ஸ்பிரிங்கின் விசையை இறக்காமல் உள்பாகங்களைக் கழற்றினால், பிடிப்பு விட்ட சக்கரங்கள் ஒரே மூச்சில் சுழன்று பல்லையும் அச்சையும் உடைத்துக்கொள்ளும்.

செல் போடும் வாட்ச்சில் ஆபத்து குறைவு என்று நினைக்கிறோம். 1984இல் டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து தொடங்கி, ஓசூரில் ஆலை அமைத்த டைட்டன், குவார்ட்ஸை வீடுதோறும் கொண்டுசேர்த்த பிறகு, சாவி கொடுப்பதே பலருக்கு மறந்துவிட்டது. விநாடிக்கு 32,768 முறை அதிரும் படிகமும், முடியிழை போன்ற செப்புக்கம்பிச் சுருளும் இதற்குள் இருக்கின்றன. செல்லை நெம்பும்போது சாமணம் வழுக்கி அந்தச் சுருளில் ஒரு கீறல் விழுந்தால் போதும், வாட்ச் நின்றுவிடும். மலிவான அல்கலைன் செல் கசிந்து தகட்டை அரிப்பது வேறு.

மூடியைத் திரும்பப் போடுவதில்தான் நீர் விஷயம் இருக்கிறது. பின்பக்கம் 30 மீட்டர் என்று பொறித்திருந்தால், அதை மாட்டிக்கொண்டு காவிரியில் முங்கிக் குளிக்கலாம் என்று பொருளல்ல. புது வாஷரோடு ஆய்வுக்கூடத்தில் அசையாமல் வைத்துத் தாங்கிய அழுத்தம் அது. ரப்பர் வாஷர் ஆண்டுகள் போகப்போக இறுகும். திறந்து மூடும்போது ஓரிடத்தில் மடிந்து நசுங்கினாலும் வெளியே தெரியாது. மழைக்காலத்தில், கடற்காற்றும் ஈரமும் நிறைந்த அறையில் மூடினால் அந்தக் காற்றும் உள்ளேயே அடைபடும். சென்னைக்குப் போகும் ஏசி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்து நிற்கும். ராடோ வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 1962இல் வந்த டயாஸ்டார் முதல், கீறல் விழாத உலோகமும் சஃபையர் கண்ணாடியும்தான் அதன் பெருமை. கீறாது என்பதற்காக உடையாது என்றில்லை. கடினமானது நொறுங்கவும் செய்யும்.

வாட்ச் கெடுவதோடு போகாமல் ஆளையே பாதிக்கும் ஆபத்து ஒன்றும் இருக்கிறது. இருட்டில் மின்னும் முள்ளும் எண்ணும் கொண்ட பழைய வாட்ச்சுகளில், 1960கள் வரை ரேடியம் கலந்த பூச்சு பூசினார்கள். தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கி டயல் எழுதிய அமெரிக்கப் பெண் தொழிலாளர்கள் தாடை எலும்பு அழுகிச் செத்த கதை 1920களில் வெளியானது. ரேடியத்தின் அரையாயுள் 1,600 ஆண்டு. தாத்தா மலேயாவிலிருந்து கொண்டுவந்தது இப்போது மின்னவில்லை என்றால், மின்னும் பாஸ்பர்தான் தீர்ந்திருக்கிறது. ரேடியம் அப்படியே இருக்கிறது. கண்ணாடி மூடியிருக்கும்வரை பெரிய கவலை இல்லை. திறந்து, பழுப்பேறிய பூச்சைச் சுரண்டி ஊதும்போது, அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போகும். டயலின் அடியில் ‘டி’ (T) என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது டிரிடியம். அரையாயுள் 12 ஆண்டு சொச்சம், வீரியமும் குறைவு. எழுத்து எதுவும் இல்லாத பழைய டயலில் கை வைக்காமல் இருப்பதே புத்தி.

விலைக்கணக்கும் இருக்கிறது. பழைய டயலைத் துடைத்துப் புதிதாக எழுதிய வாட்ச்சுகள் மும்பையிலிருந்து நிறைய வருகின்றன. பளபளப்பு கண்ணைப் பறிக்கும். சேகரிப்பவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வீட்டில் பாலிஷ் போட்டு முனைகளை மழுக்கியதற்கும் அதே கதி. உயர்ரக வாட்ச்சில் அந்நியப் பாகம் நுழைந்திருந்தால், கம்பெனி சர்வீஸ் மையம் அதை மாற்றச் சொல்லும், அல்லது வாங்கவே மறுக்கும். எச்.எம்.டி.க்கு வேறு சங்கடம். அதன் வாட்ச் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016இல் முடிவெடுத்துவிட்டது. ஒடிந்த அச்சுக்கு மாற்று வேண்டுமானால் இன்னொரு ஜனதாவைப் பலி கொடுக்க வேண்டும்.

கடைவீதியில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், ஒற்றைக் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு இதெல்லாம் அத்துபடி. வாட்ச்சைத் திருப்பி, மூடியின் ஓரத்தில் கத்தி வழுக்கிய கீறலைப் பார்த்ததுமே, “வீட்ல தொறந்தீங்களா தம்பி?” என்று கேட்டுவிடுவார். இல்லை என்று சொல்வதில் பயனில்லை. என்ன செய்தோம், எந்த எண்ணெய் விட்டோம் என்று ஒளிக்காமல் சொன்னால் அவர் வேலை பாதியாகும்.

வீட்டில் செய்யக்கூடியவையும் இல்லாமல் இல்லை. உலோகப் பட்டையை வாட்ச்சிலிருந்து கழற்றிய பிறகு சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்க்கலாம். சாவியைத் தினமும் ஒரே நேரத்தில் கொடுக்கலாம். இறுகி நின்றதும் விட்டுவிட வேண்டும். தேதியை இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் மாற்றாதீர்கள். அப்போது தேதிச் சக்கரத்தைத் தள்ளும் பல் ஏற்கெனவே பிடித்திருக்கும், அவசரப்படுத்தினால் முறியும். நனைந்துவிட்டால் அன்றைக்கோ மறுநாளோ கடையில் சேர்த்துவிடுங்கள். கொடுக்கும்போது ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: வாஷர் மாற்றி, அழுத்தம் சோதித்துத் தர அவரிடம் மெஷின் இருக்கிறதா? இல்லையென்றால், திரும்பி வரும் வாட்ச்சைக் குளிக்கப் போகும்போது கழற்றி வைத்துவிடலாம்.