தொடங்கிய இடம் தெரியாத புற்றுநோய்: பிள்ளைகள் செய்ய வேண்டியவை



மருத்துவ உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களோடு ரிப்போர்ட்டுகளும் இணைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில், "புற்றுநோய் பரவியுள்ளது, தொடங்கிய இடம் தெரியவில்லை" என்ற பொருளில் எழுதியிருப்பார்கள். அத்தாவுக்கோ அம்மாவுக்கோ இப்படி எழுதி வந்தால் பிள்ளைகள் நிலைகுலைந்து போகிறார்கள். "கண்டுபிடிக்கத் தெரியாத டாக்டர்" என்று சொல்லி ஆஸ்பத்திரி மேல் ஆஸ்பத்திரியாக அலைகிறவர்கள் ஒரு சாரார். "என்னவென்றே தெரியாத நோய்க்கு வைத்தியம் ஏது?" என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறவர்கள் மறு சாரார். இரண்டிலும் நஷ்டம் பெற்றோருக்குத்தான்.

இது என்ன நோய்?

புற்றுநோய் ஓர் உறுப்பில் தொடங்கி, ரத்தம் வழியாகவும் நிணநீர் வழியாகவும் மற்ற இடங்களுக்குப் பரவும். நுரையீரலில் தொடங்கியது கல்லீரலுக்குப் பரவினாலும் அது நுரையீரல் புற்றுநோய்தான். மருந்தும் பெரும்பாலும் அதற்குரியதுதான். அதனால்தான் டாக்டர்கள் தொடங்கிய இடத்தைத் தேடுகிறார்கள்.

சிலருக்குப் பரவிய கட்டிகள் தெரியும், முதல் கட்டி தெரியாது. அது ஸ்கேனில் அகப்படாத அளவு சிறியதாக இருக்கலாம். உடலின் எதிர்ப்பு சக்தியே அதை அழித்திருக்கவும் கூடும். உலக அளவில் புற்றுநோயாளிகளில் 100க்கு 2 முதல் 5 பேர் வரை இந்த வகையில் வருகிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளிலும் இதே நிலைதான். ஆகவே இதை டாக்டரின் கவனக்குறைவு என்று எண்ண வேண்டாம்.

தேடுவதற்கும் ஓர் எல்லை உண்டு

முதலில் முக்கியமானது பயாப்சி எனும் சதைப் பரிசோதனை. "சதை எடுத்தால் நோய் பரவிவிடும்" என்ற பேச்சை நம்பி இதைத் தள்ளிப்போடாதீர்கள். எடுத்த சதையில் ஐ.எச்.சி. என்ற சாயப் பரிசோதனை செய்தால், அந்த அணுக்கள் எந்த உறுப்பைச் சேர்ந்தவை என்று பல நேரம் குறிப்புக் கிடைக்கும். சி.டி. ஸ்கேன், தேவைப்பட்டால் பெட் ஸ்கேன், எண்டாஸ்கோப்பி, பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை ஆகியவற்றை டாக்டர் சொல்வார். பயாப்சியின் சிலைடுகளும் மெழுகு பிளாக்கும் ஆஸ்பத்திரியில் இருக்கும். வேறு ஊருக்குப் போவதானால் அவற்றைக் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். மறுபடியும் சதை எடுக்கும் வேதனை மிச்சமாகலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் இடம் தெரியவில்லை என்றால் தேடலை நிறுத்திவிட்டுச் சிகிச்சையைத் தொடங்குவதே முறை. ஒரு டெஸ்ட் எழுதும்போது, "இதன் முடிவு சிகிச்சையை மாற்றுமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். மாற்றாது என்றால் அந்தப் பணமும் அத்தாவின் தெம்பும் மிச்சம்.

இடம் தெரியாவிட்டாலும் வைத்தியம் உண்டு. பெண்களுக்கு அக்குளில் மட்டும் நெறி கட்டியிருந்தால் பெரும்பாலும் மார்பகப் புற்றுநோய்க்குரிய சிகிச்சை தருகிறார்கள். கழுத்து நெறியில் குறிப்பிட்ட ஒரு வகை அணு தெரிந்தால் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கான சிகிச்சை தருகிறார்கள். இப்படிச் சில பிரிவினருக்கு நல்ல பலன் கிடைக்கிறது. பலருக்கு நோயை முழுதும் நீக்க முடிவதில்லை. கீமோவாலும், நம் மக்கள் "கரண்டு வைப்பது" என்று சொல்லும் ரேடியேஷனாலும் அதைக் கட்டுப்படுத்தி வேதனையைக் குறைக்கலாம்.

பொறுப்பான ஒரு டாக்டர்

இந்த நோயாளியை எந்தத் துறை பார்ப்பது என்பதிலேயே இழுபறி வரும். வயிறு டாக்டர் நுரையீரல் டாக்டரிடம் அனுப்புவார், அவர் இன்னொருவரிடம் அனுப்புவார். இதைத் தவிர்க்கவே இங்கிலாந்தில் 2010இல், இத்தகைய நோயாளிகளுக்கெனத் தனிக் குழு வேண்டும் என்று அரசு மருத்துவ வழிகாட்டுதல் வந்தது. நமக்குத் தனிக் குழு கிடைக்காவிட்டாலும், புற்றுநோய் நிபுணர் ஒருவரின் பொறுப்பில் பெற்றோரை ஒப்படைக்கலாம். விருதுநகரில் 2022இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஆகியவற்றில் விசாரிக்கலாம்.

பட்டாசு ஆலை, தீப்பெட்டி, அச்சகம் என எங்கே எத்தனை வருடம் வேலை செய்தார், பீடி, புகையிலைப் பழக்கம் உண்டா என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் "மருந்து அறையில் நின்றதால்தான் வந்தது" என்று நாமே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். இது தொற்றுநோயும் அல்ல. பேரப்பிள்ளைகளைத் தள்ளி வைக்காதீர்கள்.

செலவுக்கு வழி

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. எந்த டெஸ்ட், எந்த மருந்து அதில் அடங்கும் என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேளுங்கள். ஆலையில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அதில் மருத்துவ வசதி உண்டு. கார்டில் அத்தா, அம்மா பெயர் சேர்ந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கும் துணைக்குச் செல்பவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கு ஆஸ்பத்திரியில் சான்று வாங்க வேண்டும்.

தன் ஜகாத்தைப் பெற்றோருக்குக் கொடுக்க மார்க்கத்தில் இடமில்லை. அவர்களைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை. பெற்றோர் ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழைகளாக இருந்தால் அவர்களுடைய சகோதர சகோதரிகளும் மற்றவர்களும் கொடுக்கலாம். பைத்துல்மாலிலும் விண்ணப்பிக்கலாம். நகையை அடகு வைப்பதற்கு முன் எங்களிடம் வாருங்கள்.

மறைக்க வேண்டுமா?

"அத்தா தாங்க மாட்டார்" என்று பிள்ளைகள் நோயை மறைக்கிறார்கள். அவரோ மற்றவர்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, அதைப் பேச ஆளில்லாமல் தனித்துப் போகிறார். அவருக்குத் தீர்க்க வேண்டிய கடன் இருக்கலாம், திருப்பித் தர வேண்டிய அமானிதம் இருக்கலாம், சொல்ல வேண்டிய வஸிய்யத் இருக்கலாம். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் அவரிடமே கேளுங்கள். பிறகு மெதுவாக, பொய் கலக்காமல் சொல்லுங்கள். தொடங்கிய இடம் தெரியவில்லை என்பதையும் அப்படியே சொல்லலாம்.

வலியைப் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில்லை. டாக்டர் தரும் வலி மாத்திரை மார்பின் ஆனாலும், சொன்ன அளவில் சொன்ன நேரத்தில் கொடுங்கள். நடக்க முடியாத நிலை வந்தால், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி நிவாரணச் சிகிச்சை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். அவர் உட்கார்ந்தோ படுத்தோ சைகையாலோ தொழலாம். நோன்பு, ஃபித்யா விவரங்களை ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நலம் விசாரிக்கப் போகும் சொந்தங்கள் சற்று நேரம் இருந்து துஆ செய்துவிட்டுத் திரும்புவது நல்லது. "அந்த ஊரில் ஒரு வைத்தியர் இருக்கிறார்" என்று புது வழி சொல்லி வீட்டாரைக் குழப்ப வேண்டாம். இரவில் ஒருவர் துணைக்குப் படுத்தால், ஒரு வேளைக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தால், அதுவே பேருதவி.

நோய் எங்கே தொடங்கியது என்பது கடைசி வரை தெரியாமலே போகலாம். அத்தாவுக்கு இன்று எங்கே வலிக்கிறது, அம்மா இன்று என்ன சாப்பிட்டார் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நோயுற்ற பெற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் ஷிஃபாவையும், பிள்ளைகளுக்குப் பொறுமையையும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்